பொதுப்பணத்தின் காவலர் ஜே. சி. குமரப்பா

தொண்டு நிறுவனங்களுக்குப் பொருள் வழங்குவோர் உண்டு. உடலுழைப்பை வழங்குவோர் உண்டு. பல்லாண்டுகள் முயன்று கற்ற தொழில்திறமையையே காணிக்கையாக்குவோரும் உண்டு. தலைநகர் தில்லியிலும் பிற பெருநகரங்களிலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், தணிக்கையாளர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள் ஆகியோர் இவ்வகையில் அறநிலையங்களுக்கு உதவ முன்வருவதை இன்று காண்கிறோம். மிகவும் போற்றத்தக்க செயல் இது. ஆயினும் இதில் ஒரு நுட்பமான இடர் இருக்கிறது. பணம் கொடுத்தவுடன் கையை விட்டு நீங்கிவிடுகிறது. திறமையோ அதை உடையவரிடமே தங்கியிருக்கிறது. அதனோடு, தாம் அறிந்தவர் என்னும் எண்ணமும் தங்கிவிடுகிறது. அவ்வெண்ணத்தைக் களைந்துவிட்டுத் திறமையை மட்டும் அளிப்பது எங்ஙனம்? அதே வேளையில், ஊதியமில்லாத பணிதானே என்று திறமையின் தரத்தைத் தளர்த்தாமல் காப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர் ஜே. சி. குமரப்பா.

தஞ்சையிலிருந்து நியூயார்க் வரை

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ், சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். அன்னையார் எஸ்தர் ராஜநாயகம் ஆழ்ந்த பக்தி உடையவர். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். குமரப்பா என்பது முன்னோர் வழிவந்த குடும்பப் பெயர். அதை அவர் பின்னாளில்தான் மீண்டும் ஏற்றார்.

சென்னையில் பயின்ற பின்னர் லண்டனுக்குச் சென்று கணக்கியல் கற்றுத் தேர்ந்த தணிக்கையாளரானார். 1919-இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் ஓர் ஆங்கில நிறுவனத்தில் பணிபுரிந்தார். 1924-இல் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து சொந்தத் தணிக்கை நிறுவனம் தொடங்கினார். தொழில் செழித்தது. ஆடை, உணவு, பேச்சு ஆகிய அனைத்திலும் அவர் மேனாட்டு நாகரிகத்தையே பின்பற்றினார்.

1927-இல் அமெரிக்கா சென்ற அவர் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்று, பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பற்றி ஆராய்ந்தார். இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது குறித்து அங்கு ஒரு தேவாலயத்தில் அவர் உரையாற்ற, அச்செய்தி நாளிதழில் வெளியாயிற்று. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன் அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார். பிரிட்டிஷ் அரசின் வரவுசெலவுகளை ஒரு தணிக்கையாளரின் கண்கொண்டு ஆராயத் தொடங்கினார் குமரப்பா. எண்கள் அவருக்குப் புதியவை அல்ல. ஆனால் அவ்வெண்களுக்குப் பின்னால் உண்ண உணவின்றி நின்ற மக்களை அவர் அப்போதுதான் கண்டார். வணிகர்களின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்துப் பொருளீட்டிய வாழ்க்கை அதன்பின் அவருக்குச் சுவைக்கவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு சந்திப்பு

1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் தம் ஆய்வேட்டைக் காந்தியடிகளிடம் காட்டும்பொருட்டு அவர் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். பட்டு உடையும் கைத்தடியுமாகச் சென்றவர், குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். அங்கே ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா தடியை ஊன்றிக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார். சிறிது நேரம் கழித்து அம்முதியவரே, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று வினவினார். அவர்தாம் காந்தியடிகள் என்பது அப்போதுதான் குமரப்பாவுக்குப் புரிந்தது. உடையின் மடிப்புக் கலையுமே என்று எண்ணாமல் அவர் அத்தரையிலேயே அமர்ந்தார். யாரோ ஒருவர் நாற்காலி கொண்டுவந்தபோது அதை வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

தரையில் அமர்வது சிறு செயல்தான். ஆனால் பணிசெய்ய வரும் அறிஞர் முதலில் கற்கவேண்டிய பாடம் அதில் அடங்கியிருக்கிறது. உதவி பெறுவோர் இருக்கும் தளத்துக்கு அவர் முதலில் இறங்கி வரவேண்டும்.

காந்தியடிகள் அவ்வாய்வைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட முன்வந்தார். அதோடு குஜராத்தின் கிராமங்களைப் பற்றிப் பொருளாதார ஆய்வொன்றை நடத்தித் தருமாறும் கேட்டார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. கிராம வாழ்க்கையும் தெரியாது. எனினும் அவர் மறுக்கவில்லை. குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்தார். பெரு நிறுவனங்களின் ஐந்தொகையைத் தயாரிக்கப் பயின்ற அதே முறையைக் கொண்டு ஏழை உழவரின் வரவையும் செலவையும் எழுதினார். நிலவரி எத்துணைச் சுமையாக இருந்தது என்பதை உணர்ச்சிமிக்க சொற்களால் கூறுவோர் அந்நாளில் பலர் இருந்தனர்; அதைக் கணக்காக எழுதிக் காட்ட ஒரு கணக்கர் தேவைப்பட்டார். 1931-இல் அவ்வறிக்கை நூலாக வெளிவந்தது.

இதற்கிடையே விடுதலைப் போர் அவரை ஈர்த்துக்கொண்டது. காந்தியடிகள் சிறைப்பட்டபோது யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பை ஏற்று, அதற்காகத் தாமும் சிறை சென்றார். பம்பாய்த் தொழிலுக்கு அவர் திரும்பவேயில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

நிலநடுக்கமும் மூன்று அணாவும்

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் நண்பகலுக்குப் பின் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. பல்லாயிரவர் மாண்டனர், நகரங்கள் தரைமட்டமாயின, விளைநிலங்களை மணல் மூடியது. சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழுவை அமைத்தார். நாடெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது. அள்ளி வழங்கும் மக்கள் அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. அதனாலேயே அப்பணத்துக்கு மிகுந்த காவல் தேவை. ஜம்னாலால் பஜாஜ் குமரப்பாவை அழைத்துக்கொண்டார். குழுவின் நிதி ஆலோசகராக அவர் பாட்னாவில் பொறுப்பேற்றார்.

துயருற்ற வேளையில் கணக்கு, ரசீது, பேரேடு என்று பேசுவது பலருக்கு இரக்கமற்றதாகத் தோன்றும். குமரப்பாவின் நோக்கு வேறு. தவறாகச் செலவாகும் ஒவ்வோர் அணாவும் பசித்த ஒருவரின் உணவிலிருந்து எடுக்கப்படுவது என்று அவர் கருதினார். தொண்டர்களின் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று வரையறுத்தார். அதற்குமேல் ஒரு காசும் நிதியிலிருந்து போகக்கூடாது என்பது விதி.

அவ்வேளையில் காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் பீகாருக்கு வந்தார். அவரும் நிவாரணப் பணிக்காகத்தான் வந்திருந்தார். அவருடன் வந்தோரின் உணவுக்கும் வண்டிக்கான பெட்ரோலுக்கும் ஆகும் செலவு மூன்று அணா விதிக்குள் எப்படி அடங்கும்? குமரப்பா நிலைமையைச் சிந்தித்தார். காந்தியடிகள் அவருடைய குருநாதர். நன்கொடையில் பெரும்பகுதி அவர் பெயரை நம்பியே வந்திருக்கும். விதியைச் சற்றே வளைத்தால் எவரும் குறைகூறமாட்டார்கள். ஆனால் பெரியவருக்காக ஒருமுறை வளையும் விதி சிறியவர்க்காக நிமிர்ந்து நிற்காது. எனவே அச்செலவுகளை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று மகாதேவ தேசாயிடம் அவர் தெரிவித்துவிட்டார்.

செய்தி காந்தியடிகளுக்கு எட்டியது. அவர் குமரப்பாவை அழைத்துக் காரணம் கேட்டார். குமரப்பா தயங்காமல் விளக்கினார். கேட்டு முடித்த காந்தியடிகள் அது சரியென்று ஏற்று, தம் குழுவினரின் செலவு எதையும் அந்நிதியில் எழுதலாகாது என்று தேசாயிடம் கூறினார்.

இங்கு இருவருமே உயர்ந்து நிற்கின்றனர். சீடர் குருவிடம் மறுத்துரைத்தது பணிவின்மை ஆகாது. குருவே போதித்த வாய்மைக்கு அவர் செய்த வழிபாடு அது. தம் பெயரால் திரண்ட பணத்தில் தமக்கு உரிமையில்லை என்பதை ஏற்ற காந்தியடிகளின் பெருமையும் அதற்குக் குறைந்ததன்று.

மகன்வாடியில்

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம், மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி எனப் பெயர் பெற்று, சங்கத்தின் இருப்பிடமாயிற்று. செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம் எனக் கிராமத்துத் தொழில்கள் யாவும் அங்கே ஆராயப்பட்டன. அவற்றில் பயிற்சியும் அளிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு உருவாயிற்று. கிராம உத்யோக் பத்திரிகா என்னும் திங்களிதழும் வெளிவந்தது. 1938 டிசம்பரில் அங்கு அமைந்த அருங்காட்சியகத்தைக் காந்தியடிகள் திறந்துவைத்தார்.

நல்லெண்ணம் மட்டும் ஒரு நிறுவனத்தை நடத்திவிடாது. முறையான பதிவு, சோதனை, பயிற்சி, கணக்கு ஆகியவை இல்லையேல் அது சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும். லண்டனிலும் நியூயார்க்கிலும் கற்ற ஒழுங்கைக் குமரப்பா மகன்வாடிக்கு அளித்தார். மகன்வாடி அவருக்கு அளித்ததும் அதிகம். செலவு குறைந்த பொருளே சிறந்தது என்னும் வணிகக் கணக்கை அவர் கைவிட்டார். ஒரு பொருளை வாங்கும்போது அதைச் செய்தவரின் வாழ்வுக்கும் வாங்குபவர் பொறுப்பாகிறார் என்பது அவர் கண்ட உண்மை. மீண்டும் சிறைப்பட்டபோது ஜபல்பூர்ச் சிறையில் நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும், இயேசுபிரானின் வாழ்வும் போதனையும் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார்.

தில்லியில் ஒலித்த மாற்றுக் குரல்

விடுதலைக்குப் பின் தில்லியும் அவருடைய அறிவை நாடியது. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். உழுபவருக்கே நிலம் உரியதாகவேண்டும் என்ற நோக்குடைய அதன் அறிக்கை 1949-இல் வெளிவந்தது. பின்னர்த் திட்டக்குழுவின் ஆலோசனை வாரியத்திலும் இடம்பெற்றார்.

அந்நாளைய நிகழ்ச்சி ஒன்றை அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். தில்லியில் கூட்டத்துக்கு அவர் குதிரைவண்டியில் செல்ல, அச்சாலையில் அத்தகைய வண்டிகளுக்கு இடமில்லை என்று காவலர் தடுத்தனர். மக்களாட்சி நாட்டில் ஏழையின் வண்டிக்குத் தலைநகரின் சாலை மூடப்படுவதா என்று அவர் பிரதமர் நேருவிடமே முறையிட்டார். பெருந்தொழில்களை நோக்கி நாடு விரைந்த அக்காலத்தில் அவர் பேச்சு பலருக்கு உவப்பாக இல்லை. அவரும் எளிதில் சினம் கொள்பவர். கருத்து வேற்றுமையை மறைக்கத் தெரியாதவர். அதனால் நண்பர்கள் சிலர் விலகினர். அதிகார வட்டத்திலிருந்து அவரும் விலகினார். அவர் கூறிய யோசனைகளில் பலவும் ஏட்டளவில் நின்றன. தாம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு அவர் கிராமத்துக்கே திரும்பினார்.

கல்லுப்பட்டியில்

வார்தாவுக்கு அருகே சேல்டோவில் பண்ணை ஆசிரமம் அமைத்துச் சிலகாலம் உழைத்தபின், உடல்நலம் குன்றியதால் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். அங்கே ஒரு சிறு குடில். அதன் சுவரில் ஏழை உழவர் ஒருவரின் படம். அது யாருடையது என்று கேட்போரிடம், காந்தியடிகள் தம் தலைவர் என்றும், படத்தில் இருப்பவர் அத்தலைவருக்கும் தலைவர் என்றும் அவர் விளக்குவார்.

1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னை மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

பம்பாயில் தொடர்ந்திருந்தால் பெருஞ்செல்வராக மறைந்திருக்கக்கூடிய ஒருவர், விட்டுச்சென்ற உடைமை ஏதுமில்லை. ஆனால் தொண்டு நிறுவனம் ஒன்றில் பொதுப்பணம் கையாளும் ஒவ்வொருவருக்கும் அவர் ஓர் அளவுகோலை விட்டுச்சென்றிருக்கிறார். தம் துறையறிவைத் தொண்டுக்கு வழங்க விரும்பும் அன்பர்கள் மூன்றை நினைவிற் கொள்ளலாம். முதலில் அவர் தரையில் அமர்ந்தார். அதன்பின் தம் தொழிலின் நேர்மையை அன்பின் பொருட்டும் தளர்த்தாமல் காத்தார். இறுதியில், யாருக்காகப் பணி செய்தாரோ அவ்வெளியவரைத் தம் தலைவருக்கும் மேலான இடத்தில் வைத்தார். திறமை காணிக்கையாக மாறுவது இவ்வழியில்தான்.