குளோரினுக்கு 35.5 எப்படி வந்தது? ஐசோடோப்புகளைக் கண்டறிந்த ஃபிரெடரிக் சாடியின் கதை

ஸ்கூல் கெமிஸ்ட்ரி புத்தகத்தில் குளோரினின் அணு எடை 35.5 என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? அணுவுக்குள் அரை புரோட்டான், அரை நியூட்ரான் என்றெல்லாம் எதுவும் கிடையாது. அப்புறம் அந்த .5 எங்கிருந்து வந்தது? இந்தப் புதிரை அவிழ்த்ததில் முக்கியமானவர் ஃபிரெடரிக் சாடி.

யார் இந்த சாடி?

1877-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்துவிட்டு, 1900-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டுடன் சேர்ந்து, கதிரியக்கத்தில் ஒரு தனிமம் இன்னொரு தனிமமாகவே மாறிவிடுகிறது என்று காட்டினார்.

இடம் போதவில்லை

1904 முதல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வேலை. அப்போது வேதியியலாளர்களுக்கு ஒரு பெரிய தலைவலி. யுரேனியம், தோரியம் சிதைவில் 30-க்கும் மேற்பட்ட புதுப் பொருட்கள் கிடைத்திருந்தன. பீரியாடிக் டேபிளில் ஈயத்திலிருந்து யுரேனியம் வரை இருப்பதோ 11 கட்டங்கள்தான்! சில பொருட்களை ஒன்றாகக் கலந்துவிட்டால் எந்த வேதிமுறையாலும் பிரிக்க முடியவில்லை.

1913-ல் சாடி விடை சொன்னார். எடை வேறாக இருந்தாலும் வேதிக்குணம் ஒன்று என்றால், அவை ஒரே கட்டத்தில் இருக்கலாம். கிரேக்கத்தில் ஒரே இடம் என்று பொருள்படும் 'ஐசோடோப்' என்ற பெயரை எடுத்துக்கொடுத்தவர், டாக்டரும் எழுத்தாளருமான மார்கரெட் டாட்.

ஆனால் ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை என்பது டால்டன் காலத்திலிருந்து 100 வருடப் பாடம். அதை மாற்ற ஆதாரம் வேண்டுமே?

கைகொடுத்த இலங்கைத் தாது

யுரேனியம், தோரியம் இரண்டுமே கடைசியில் ஈயமாகத்தான் முடியும். கணக்குப்படி யுரேனியத்திலிருந்து வரும் ஈயத்தின் எடை சுமார் 206, தோரியத்திலிருந்து வருவது சுமார் 208. சாதாரண ஈயம் 207.2.

1914-ல் இலங்கையில் கிடைத்த தோரைட் தாதுவிலிருந்து ஈயத்தைப் பிரித்து அளந்தார் சாடி. சாதாரண ஈயத்தைவிட அதன் அணு எடை அதிகமாக இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டில் தியோடர் ரிச்சர்ட்ஸ் யுரேனியத் தாதுக்களின் ஈயத்தை அளந்தார். அது குறைவு! அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காகவே நோபல் வாங்கியவர் ரிச்சர்ட்ஸ். அந்த எண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதை அவருடைய ஆய்வகமே உறுதி செய்துவிட்டது.

அப்போ 35.5?

அது ஒரு சராசரி, அவ்வளவுதான். 1919-ல் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் உருவாக்கிய கருவி, குளோரினில் 35, 37 என இரண்டு எடைகளில் அணுக்கள் இருப்பதைக் காட்டியது. 100 அணுக்களில் சுமார் 76 முதல் வகை, 24 இரண்டாம் வகை. சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 35.5. எடை மாறுவதற்குக் காரணமான நியூட்ரான் 1932-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

சாடிக்கு 1921-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் கிடைத்தது. பிற்பாடு பொருளாதாரம் பற்றி நிறைய எழுதிய அவர், 1956-ல் காலமானார். இன்றைய சர்வதேசப் பட்டியலில் ஈயத்தின் அணு எடை ஒற்றை எண் அல்ல, 206.14 முதல் 207.94 வரை. எந்த ஊர் ஈயம் என்பதைப் பொறுத்து அது மாறும்.