எந்திர பூதத்தைப் பற்றி எச்சரித்த கணித மேதை!

11 வயதில் கல்லூரி. 14 வயதில் பட்டம். 18 வயதில் டாக்டர் பட்டம்!

அமெரிக்காவில் இப்படி ஒரு பையன் இருந்தான். அவன் பெயர் நார்பர்ட் வீனர். 1894-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, மிசவுரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் பிறந்தான்.

தகப்பனார் லியோ வீனர் ரஷியப் பேரரசில் இருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த யூதர். பல மொழிகள் கற்றவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மகனுக்கு அவரே வாத்தியார். கணக்கில் ஒரு தப்பு வந்தால் போதும், வீடே அதிரும்படி சத்தம் போடுவார்.

பையனுக்குக் கண் பார்வை மோசம். 8 வயதில், ஆறு மாதம் புத்தகத்தையே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தகப்பனார் விடவில்லை. வாய்ப்பாடமாகவே சொல்லிக் கொடுத்தார். பையனும் பெரிய பெரிய கணக்குகளை மனதிலேயே போடப் பழகிக்கொண்டான்.

1919-ல் வீனர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியர் ஆனார். 40 ஆண்டுகளுக்கு மேல் அதுதான் அவருடைய உலகம். 1926-ல் மார்கரெட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள்.

பீரங்கிக் கணக்கு

இரண்டாவது உலகப்போர் வந்தது. பறந்து வரும் விமானத்தைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்த வேண்டும். குண்டு மேலே போய்ச் சேருவதற்குள் விமானம் நகர்ந்துவிடும். ஆகையால், விமானம் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் பலன் இல்லை. இனி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சுட வேண்டும்.

வீனரும் பிகலோ என்ற என்ஜினீயரும் இதற்கு ஒரு எந்திரம் செய்யப் பார்த்தார்கள். தன் தப்பைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் எந்திரம்! அது போர்க்களத்துக்குப் போகவில்லை. ஆனால் அந்த யோசனை பெரிதாக வளர்ந்தது. 1948-ல் "சைபர்நெட்டிக்ஸ்" என்ற புத்தகம் எழுதினார். கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து அந்தப் பெயரை எடுத்தார்.

1945-ல் ஜப்பான் மீது அணுகுண்டு விழுந்தது. வீனரின் மனம் உடைந்தது. போர்க்காலத்தில் அவர் எழுதிய ஒரு அறிக்கையை விமானத் தொழிலில் இருந்த ஒருவர் கேட்டபோது, கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்தக் கடிதம் 1947-ல் பத்திரிகையில் வந்து பரபரப்பு உண்டாக்கியது. 1949-ல் தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூதருக்கும் எழுதினார். தானாக ஓடும் எந்திரங்கள் தொழிலாளர் வயிற்றில் அடிக்கும் என்று எச்சரித்தார். சும்மா இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் சும்மா இருக்கவில்லை.

இந்தியாவுக்கும் வந்தார். 1955-ல் கல்கத்தா புள்ளியியல் கழகத்துக்கு வந்து பாடம் நடத்தினார்.

குரங்குக் கை

எந்திரத்தைப் பற்றிப் பேசும்போது வீனர் ஒரு பேய்க்கதை சொல்லுவார்.

ஒரு கிழவரிடம் மந்திரக் குரங்குக் கை கிடைக்கிறது. 200 பவுன் வேண்டும் என்று கேட்கிறார். மறுநாள் பணம் வருகிறது. எப்படி? மகன் மில் எந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான். அதற்காக கம்பெனி கொடுத்த பணம் அது!

நம் ஊர் பூதக் கதைகளும் இதைத்தான் சொல்கின்றன. பூதம் சொன்னதைச் செய்யும். மனதில் நினைத்ததைச் செய்யாது.

1960-ல் இதையே ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார். எந்திரம் மின்னல் வேகத்தில் வேலை செய்யும், மனிதன் மெதுவாக யோசிப்பான், தப்பு நடக்கிறது என்று புரிந்து நிறுத்துவதற்குள் காரியம் கெட்டுப்போகும் என்றார்.

ஆர்தர் சாமுவேல் என்ற நிபுணர் எதிர்த்தார். செக்கர்ஸ் விளையாடும் கம்ப்யூட்டர் புரோகிராமை உருவாக்கியவர் அவர். அந்தப் புரோகிராம் அவரையே தோற்கடித்தது! அப்படியும், மனிதன் எழுதிக் கொடுத்ததைத் தவிர எந்திரம் வேறு எதுவும் செய்யாது என்று அதே பத்திரிகையில் பதில் எழுதினார். சாமுவேல் சொன்னதும் உண்மைதான். எழுதிக் கொடுத்தவனுக்கே விளைவு தெரியாமல் போகலாமே என்பதுதான் வீனரின் பயம்.

இன்று என்ன நடக்கிறது?

இப்போது ஏ.ஐ. உதவியாளர்கள் வந்துவிட்டார்கள். முதலில் கேள்விக்குப் பதில் மட்டும் சொன்னார்கள். இப்போது கம்ப்யூட்டருக்கு உத்தரவும் போடுகிறார்கள். நடுவில் "டூல் சர்வர்" என்ற புரோகிராம் இருக்கும். உதவியாளர் சொல்லும் உத்தரவை வாங்கி, அது கம்ப்யூட்டரில் நடத்தி வைக்கும்.

கம்ப்யூட்டரில் இடம் இல்லை, வேண்டாததை எடுத்துவிடு என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் கல்யாணப் படங்கள் வேண்டாதவை என்று அது நினைத்தால்? ஒரே வரி உத்தரவில் அத்தனையும் போய்விடும். அழித்தது திரும்ப வராமலே போகலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அது படிக்கும் கடிதத்தில் ஒரு திருடன் ரகசியமாக உத்தரவு எழுதி வைத்திருக்கலாம். எஜமான் சொன்னதாக நினைத்து அது அதையும் செய்துவிடக்கூடும்!

ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் கடிவாளம் போடுகிறார்கள். அனுமதித்த உத்தரவுகளை மட்டும் நடத்த விடுகிறார்கள். தனி அறை போல அடைத்த இடத்தில் வேலை செய்ய வைக்கிறார்கள். அழிப்பதற்கு முன்னால் மனிதனைக் கேட்கச் சொல்கிறார்கள். இதில் ஒரு சங்கடம். நூறு தடவை கேட்டால், நூற்றோராவது தடவை மனிதன் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுவான்.

1964-ம் ஆண்டு ஜனவரியில் ஜனாதிபதி ஜான்சன் வீனருக்கு தேசிய விஞ்ஞானப் பதக்கம் கொடுத்தார். அதே ஆண்டு மார்ச் 18-ந் தேதி, சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் வீனர் காலமானார். அப்போது அவருக்கு வயது 69. குரங்குக் கைக் கதையை மறுபடியும் சொல்லும் அவருடைய புத்தகம் ஒன்று அந்த ஆண்டு வெளிவந்தது. 1965-ல் அதற்கு அமெரிக்க தேசியப் புத்தகப் பரிசு கிடைத்தது.