விதை தந்த வித்தகர்

முறைக்காய்ச்சல் கண்டவர்க்குக் கசக்கும் கொயினாவைப் புகட்டிய கதையைப் பாட்டிமார் சொல்ல நம்மிற் பலர் கேட்டிருப்போம். அம்மருந்தைத் தரும் சிங்கோனா நம் நாட்டு மரமன்று. தென் அமெரிக்க மலைகளிலிருந்து அது நீலகிரிக்கு வந்து சேர உழைத்தவர்களுள் ஒருவர் ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1817-இல் யார்க்ஷயர்ச் சிற்றூர் ஒன்றில் பள்ளியாசிரியரின் மகனாகப் பிறந்தார். தாமும் ஆசிரியரானார். ஆனால் அவர் நெஞ்சமோ பாசியில் ஒட்டிக்கொண்டது. பிறர் காலால் மிதித்துச் செல்லும் பாசி, அவருக்குக் கண்கொள்ளாக் காட்சி!

1849-இல் தென் அமெரிக்கா சென்றார். செல்வமில்லை, பல்கலைக்கழகப் பட்டமுமில்லை. செடிகளை உலர்த்தி ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பி, வந்த பொருளைக் கொண்டு வாழ்ந்தார். அமேசானிலும் ஆண்டிஸ் மலையிலும் 15 ஆண்டுகள் அலைந்தார். 1854-இல் ஓரினாக்கோ ஆற்றங்கரையில் காய்ச்சல் அவரைச் சாவின் வாயில்வரை இழுத்துச் சென்றது. அவரை மீட்டது கொயினாவே.

அந்நாளில் இந்தியாவில் அக்காய்ச்சலுக்கு எண்ணற்றோர் இரையாயினர். கொயினாவின் விலையோ ஏழைக்கு எட்டாதது. தன் படையினரைக் காக்கும் கவலையும் ஆங்கில அரசுக்கு இருந்தது. எனவே, சிங்கோனா விதை திரட்டும் பணியை ஸ்ப்ரூஸிடம் ஒப்படைத்தது. 1860 ஏப்ரலில் அவருடைய முதுகும் கால்களும் வாதத்தால் முடங்கின. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். இவரோ வலியோடு மலை வழி கடந்தார். எக்குவடாரில் சிம்பொராசோ மலைச்சாரற் காட்டை உரியவர்களிடம் குத்தகை பேசி, ஏறத்தாழ ஒரு லட்சம் விதைகளையும் 600-க்கு மேற்பட்ட கன்றுகளையும் சேர்த்தார். ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்கலைஞர் உடனிருந்து காத்துவர, 1861-இல் கன்றுகள் உதகை சேர்ந்தன.

பின்னாளில் ஜாவாவில் டச்சுக்காரர் வளர்த்த வேறோர் இனமே உலகச் சந்தையைப் பிடித்தது. எனினும் நீலகிரியில் சிங்கோனா தழைத்தது. இந்திய அஞ்சலகங்களில் கொயினாப் பொட்டலம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் காலமும் வந்தது.

விதை தந்தவர் கண்ட பயன் என்ன? 1861-இல் வணிக நிறுவனம் ஒன்று முறிந்ததால் சேமிப்பை இழந்தார். 1864-இல் நோயாளியாய்த் தாயகம் திரும்பினார். அரசு அளித்தது ஆண்டுக்கு 50 பவுன். பல்லாண்டு கழித்து இந்திய அரசு மேலும் 50 பவுன் சேர்த்தது. சிறு குடிலில், நிமிர்ந்து உட்காரவும் இயலாத உடலோடு, அமேசான், ஆண்டிஸ் ஈரற்செடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதி முடித்தார். 1893-இல் மறைந்தார்.

ஒன்றுக்கும் உதவாதென்று உலகம் ஒதுக்கிய பாசியை நேசித்தவரே, உயிர் காக்கும் மரத்தையும் நமக்குத் தேடித் தந்தார். நண்பர்களே, படிப்பால் என்ன பயன் என்று எவரேனும் நம்மைக் கேட்டால், இவரை நினைத்துக்கொள்வோம்!