இடைவெளிக் கணக்கு எழுதிய பிரம்மகுப்தர்

பிரம்மகுப்தர் பிறந்தது 598ஆம் ஆண்டில். இன்று ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் இருக்கும் பின்மால் என்ற ஊர்தான் அன்றைய பில்லமாலம். தந்தையின் பெயர் ஜிஷ்ணு. சாப வம்சத்து வியாக்கிரமுகன் ஆண்ட காலம் அது. நமக்குப் பழக்கமான ஆட்களோடு பொருத்திச் சொன்னால், அப்பரும் மகேந்திரவர்ம பல்லவனும் வாழ்ந்த அதே நூற்றாண்டு. பல்லவனிடம் தஞ்சம் புகுந்த இலங்கை இளவரசன் மானவம்மன் சாளுக்கியருக்கு எதிராகப் போரிட்டு, பிறகு பல்லவப் படையோடு அநுராதபுரத்துக்குத் திரும்பியதும் அந்த நூற்றாண்டில்தான். அகதியாகப் போய் அடுத்தவன் போரில் சண்டை பிடிப்பது இந்தத் தீவுக்குப் புதிதல்ல.

பள்ளிக்கூடத்தில் நாம் பிரம்மகுப்தரைப் பூச்சியத்தின் ஆளாகத்தான் படித்தோம், அதுவும் ஒரு வரியில். நான் அவரிடம் போய்ச் சேர்ந்த வழி வேறு. மலையகத் தமிழரின் நூறாண்டுக் குடித்தொகையை ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டிய வேலை ஒன்று கைக்கு வந்தது. தொகைமதிப்பு எடுக்கப்படாத ஆண்டுகளில் கோடு அறுந்து நின்றது. அட்டன் பக்கத்தில் மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர், பைதான் நிரல் மொழியில் அதற்கென்றே கட்டளை இருக்கிறது, ஒரு சொல் தட்டினால் இடைவெளி நிரம்பிவிடும் என்றார். நிரம்பியது. எந்த அடிப்படையில் நிரம்பியது என்று தேடிப் பின்னால் போனபோது, ஏழாம் நூற்றாண்டில் பில்லமாலத்துக்காரர் உட்கார்ந்திருந்தார்.

முதலில் அவருடைய வாழ்க்கை. 628இல், முப்பது வயதில், அவர் எழுதியது பிரம்மஸ்புட சித்தாந்தம். 24 அதிகாரங்கள், ஏறத்தாழ ஆயிரம் செய்யுள்கள். கிரகங்களின் நிலை, கிரகணம், நாள் கணக்கு ஆகியவைதான் நூலின் உடம்பு. ஆனால் உலகம் அவரை நினைவு வைத்திருப்பது நடுவில் வரும் கணித அதிகாரங்களுக்காக. பூச்சியத்தை வெறும் இடம் நிரப்பும் குறியாக விடாமல், கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கூடிய எண்ணாக நடத்தி விதி எழுதினார். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று அவர் வைத்த விதி மட்டும் நிலைக்கவில்லை.

அந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்தது வேறோர் இடம். பூச்சியத்துக்கு மேலே உள்ள எண்களை அவர் தனம் என்கிறார், கீழே உள்ளவற்றை ருணம், அதாவது கடன் என்கிறார். கடனோடு கடனைக் கூட்டினால் கடன். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம். இது மலையகத்தாருக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டிய விஷயமல்ல. தலைமன்னாரில் இறங்கிய ஆள் கையில் ஒன்றுமில்லாமல் வரவில்லை, ஒன்றுமில்லாததற்கும் கீழே வந்தான். வழிச்செலவும் கங்காணி கொடுத்த முற்பணமும் அவன் பெயரில் ஏறியிருந்தன. அந்தக் கடன் எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. பூச்சியத்துக்குக் கீழே ஒரு மனிதன் தலைமுறை தலைமுறையாக வாழலாம் என்பதைச் செக்ரோல் புத்தகங்கள் அவர் குறியீட்டிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

முப்பது வயது பிரம்மகுப்தர் சண்டைக்காரர். தனக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் பிறந்த ஆரியபடரை அவர் விட்டுவைக்கவில்லை. பிறரின் தவறுகளைப் பட்டியலிடுவதற்காகவே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்ற ஆரியபடரின் கருத்தை அவர் ஏற்கவில்லை. கிரகணம் பூமியின் நிழலாலும் சந்திரனாலும் வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் கணக்கே போட்டார். அப்படியிருந்தும் ராகுவை மறுத்த ஆரியபடர் போன்றவர்களை வேத, ஸ்மிருதிகளின் பெயரால் கண்டித்தார். நானூறு ஆண்டுகள் கழித்து அல்பிரூனி இந்தியா பற்றி எழுதியபோது இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார். இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படி எழுதினார், சோக்கிரட்டீசுக்கு நேர்ந்தது தனக்கும் நேரக்கூடாது என்ற பயமா என்று சந்தேகப்பட்டார். நாட்டில் ஊடகத் தொழில் செய்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் அந்நியமாக இருக்காது. தெரிந்ததை ஒரு பக்கத்தில் கணக்காக வைத்துவிட்டு, மறுபக்கத்தில் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பிரம்மகுப்தர் பயத்தால் எழுதினாரா, நம்பிக்கையால் எழுதினாரா என்பதில் நான் பயத்தின் பக்கம் சாய்கிறேன். நம்பியிருந்தால் கணக்கையும் ராகுவை வைத்தே போட்டிருப்பார்.

பிறகு முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 665இல், 67 வயதில் எழுதிய நூல்தான் கண்டகாத்யகம். பெயருக்குக் கற்கண்டால் செய்த தின்பண்டம் என்று பொருள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணி குடிக்கும் வழக்கமுள்ள நமக்கு அந்தப் பெயரின் ருசி புரியும். பெரிய சித்தாந்தத்தைப் படிக்க நேரமில்லாத, அன்றாடம் பஞ்சாங்கம் கணிக்கிற ஆட்களுக்கான கைநூல் அது. வேடிக்கை என்னவென்றால், அதன் முதற்பகுதி ஆரியபடரின் முறையையே தழுவியது. முப்பது வயதில் யாரைக் கிழித்தாரோ, அவருடைய கணக்கை 67 வயதில் சுருக்கி, எளிமையாக்கிக் கொடுத்தார். ஊரில் புழக்கத்தில் இருந்தது ஆரியபடரின் முறை. புழங்குகிறவர்களுக்கு உதவ வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தன் திருத்தங்களை அவர் பிற்பகுதியில் சேர்த்தார். நமக்கு வேண்டிய விதி இருப்பது அந்தப் பிற்பகுதியில்.

பிரச்சினை இதுதான். வானியல் கணக்குக்குக் கோணங்களின் சைன் பெறுமானம் வேண்டும். ஆரியபடரிடம் 24 வரி அட்டவணை இருந்தது. கைநூலுக்கு அது நீளம். பிரம்மகுப்தர் 15 பாகைக்கு ஒன்றாக ஆறே எண்கள் வைத்தார்: 39, 75, 106, 130, 145, 150. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசங்கள் 39, 36, 31, 24, 15, 5. மனப்பாடம் செய்வது சுலபம். ஆனால் இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு கோணம் வந்தால்? பாதி தூரத்துக்குப் பாதி வித்தியாசம் என்று நேர்கோடாக எடுப்பது பழைய வழி. வித்தியாசமே குறைந்துகொண்டு போகும்போது அது பிழைக்கும்.

தோட்டத்து உதாரணம் ஒன்றில் இதை விளக்கலாம். ஒரு அக்கா காலைக் கொழுந்து நிறுவையில் 8 கிலோ காட்டுகிறார். அதே அளவு நேரத்தில் பகல் கொழுந்து 6 கிலோ. பகல் நேரத்தின் சரி பாதியில் அவர் கூடையில் அன்று மொத்தம் எவ்வளவு விழுந்திருக்கும்? நேர்கோட்டுக் கணக்கு எட்டும் மூன்றும் பதினொன்று என்று சொல்லும். ஆனால் காலையில் வேகமாகக் கிள்ளிய கை திடீரென்று மெதுவாகிவிடாது, படிப்படியாகத்தான் தளரும். பிரம்மகுப்தர் கடந்துபோன வித்தியாசத்தையும் நடக்கிற வித்தியாசத்தையும் சேர்த்துப் பாதியாக்கச் சொல்கிறார்: 7. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி 1. நாம் பாதி தூரத்தில் நிற்பதால் அந்த ஒன்றில் பாதியைக் கழிக்க 6.5. இது திருத்திய வித்தியாசம். இதில் பாதி 3.25. ஆக 11.25 கிலோ.

அவருடைய சைன் அட்டவணையிலேயே சோதித்துப் பார்த்தேன். 37.5 பாகைக்கு நேர்கோடு தருவது 90.5. அவர் விதி தருவது 91.125. கல்குலேட்டர் சொல்லும் பெறுமானம் 91.31. பிழை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. நியூட்டனும் ஸ்டேர்லிங்கும் இதைப் பொதுவாக்கி எழுத இன்னும் ஆயிரம் ஆண்டுகள் போக வேண்டியிருந்தது. இன்று சைப்பை என்ற இலவச, திறந்த மூல நிரல் நூலகத்தில் இடைச்செருகலுக்கென்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதில் புதிய வளைவுகளைச் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். எல்லாவற்றின் அடியிலும் இருக்கும் யோசனை ஒன்றுதான்: இப்போது எங்கே நிற்கிறாய் என்பது போதாது, எந்த வேகத்தில் வந்தாய் என்பதையும் கேள்.

இனி என் வரைபடத்துக்கு வருகிறேன். தொகைமதிப்பின்படி இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் 1971இல் 1,174,606 பேர். 1981இல் 818,656. பத்து ஆண்டுகளில் மூன்றரை இலட்சத்துக்கும் மேல் குறைவு. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்கள், எழுபதுகளின் பஞ்சத்தில் லயங்களில் செத்தவர்கள், இலங்கைத் தமிழர் என்று பதிவை மாற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். 1991இல் யுத்தத்தால் தொகைமதிப்பே எடுக்கப்படவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக எடுத்தார்கள். அடுத்த முழுக் கணக்கு 2012இல்: 839,504.

1981க்கும் 2012க்கும் இடையில் 31 ஆண்டுகள். அந்த 31 ஆண்டுகளுக்குள்தான் நம்முடைய எல்லாம் இருக்கிறது. 1977 வன்செயலிலும் 1983 வன்செயலிலும் மலையிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனவர்கள், அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள், 2009வரை ஒவ்வோர் இடப்பெயர்விலும் நடந்தவர்கள், முள்ளிவாய்க்காலில் நின்றுபோனவர்கள். வன்னியில் தப்பியவர்களிலும் பலர் 2012 படிவத்தில் இலங்கைத் தமிழர் என்றே பதிந்தார்கள்.

நேர்கோடு போட்டால் 1996இல் 8.29 இலட்சம் பேர் இருந்ததாக வரைபடம் காட்டுகிறது. ஒன்றுமே நடக்காத நாடு போல, மெல்ல மெல்ல ஏறும் ஒரு கோடு. கடந்துபோன வித்தியாசத்தையும் பார்க்கிற பிரம்மகுப்தர் வழி வளைவை 1971, 1981, 2012 மூன்று புள்ளிகளிலும் ஓடவிட்டால், 1996க்கு அது தரும் எண் 6.16 இலட்சம். எழுபதுகளின் வீழ்ச்சியை அது மறக்காமல் இழுத்துக்கொண்டு போய், இரண்டு இலட்சம் பேரைக் குழிக்குள் இறக்கி, பிறகு 2012க்குள் மேலே ஏற்றிவிடுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்க்கிறவருக்கு அந்த வளைவு ஒரு செய்தி சொல்லும். எந்தக் கட்டளையைத் தட்டினேன் என்பதைப் பொறுத்து ஒரு சமூகம் மெல்லப் பெருகும் அல்லது அழிந்து மீளும்.

பாண்டாஸ் என்ற இன்னொரு பிரபல நூலகத்தில் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது நேர்கோடுதான் போடும். அதுமட்டுமல்ல, வரிசைகளுக்கு இடையில் பத்து ஆண்டா பதினொரு ஆண்டா என்றுகூடப் பார்க்காது. எல்லாம் சம இடைவெளி என்றே எடுத்துக்கொள்ளும். வளைவு தேவையில்லாமல் கீழே விழுவதையும் மேலே எகிறுவதையும் தடுக்கும் முறைகளும் நூலகங்களில் இருக்கின்றன. 1970இல் ஜப்பானியர் ஹிரோஷி அகிமா கொடுத்த வழி ஒன்று, 1980இல் ஃபிரிட்ஷும் கார்ல்சனும் கொடுத்த வழி ஒன்று. அவை படத்தை அழகாக்கும். 1996இல் வன்னிக் காட்டில் ஒரு தறப்பாளின் கீழ் எத்தனை பேர் படுத்தார்கள் என்று அவற்றுக்கும் தெரியாது.

இதில் பிரம்மகுப்தரைக் குறை சொல்ல முடியாது. வானத்தில் இருந்த சூரியனும் சந்திரனும் ஓர் இரவில் காணாமல் போவதில்லை. நேற்று வந்த வேகத்தில்தான் இன்றும் வரும். அதற்காக எழுதிய விதி அது.

அவருடைய நூல்கள் அவரைவிட அதிகம் பயணம் செய்தன. எட்டாம் நூற்றாண்டில் கலீபா அல் மன்சூர் காலத்தில் அவை பக்தாத்துக்குப் போய் அரபியில் பெயர்க்கப்பட்டன; கண்டகாத்யகத்துக்கு அங்கே அர்கந்த் என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டு பாஸ்கரர் அவருக்குக் கணித வட்டத்தின் முடிமணி என்ற பொருளில் பட்டம் சூட்டினார். 1817இல் கோல்புரூக் அவருடைய கணித அதிகாரங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் கண்டிப் பக்கத்து மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கடனோடு நடந்து வரத் தொடங்கினார்கள்.

என் வரைபடத்தில் 1981க்கும் 2012க்கும் நடுவில் கோடு போடவில்லை. இரண்டு புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. 2001க்கான 18 மாவட்ட எண்ணை வேறு நிறத்தில் தனியாக வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி தன் நிரலில் ஒரு வரியைக் கூட்டினார்: எண்ணப்பட்ட ஆண்டும் கணிக்கப்பட்ட ஆண்டும் ஒரே நிறத்தில் வர முயன்றால், நிரல் நின்று கேள்வி கேட்கும்.