காலத்தைச் செப்பனிட்ட கைகள்
இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு நாள்தோறும் பேருந்தில் வரும் எங்களுக்குக் கடிகாரத்தின் அருமை நன்கு தெரியும். ஐந்து நிமிடம் பிந்தினால் பேருந்து போய்விடும். பேருந்தோடு முதல் வகுப்பும் போய்விடும்.

என் தந்தையார் கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணிலே லென்சும் கையிலே சிறு இடுக்கியுமாய் அவர் குனிந்திருக்கும் பெட்டிக்கடைதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரியை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் முதலாண்டில் தந்தையின் தொழிலை யாரேனும் கேட்டால், சொந்தத் தொழில் என்று மட்டும் சொல்லி நழுவிவிடுவேன். அந்தக் கூச்சத்தைப் போக்கியவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு கடிகாரத் தொழிலாளி. அவர்தான் ஆபிரகாம் லூயி பிரெகே.

இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள நியூஷாடெல் நகரில் 1747-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் அவர் பிறந்தார். பதினோரு வயதில் தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டவர் கடிகாரத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1762-இல், பதினைந்து வயதுச் சிறுவனாக, தொழில் பழகப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டார். நம் மாவட்டத்து இளைஞர்கள் வேலைக்காகச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கிறார்கள் அல்லவா? அதுபோல் அவரும் ஊரை விட்டுச் சென்றவரே. வெர்சாயில் ஒரு கடிகாரப் பட்டறையில் வேலை கற்றார்.

பகலெல்லாம் அரமும் இடுக்கியும் பிடித்த அந்தச் சிறுவன், மாலையில் பாரிசில் இருந்த மசரேன் கல்லூரிக்குச் சென்று கணிதம் கற்றான். அங்கே ஆசிரியராக இருந்த மாரி என்னும் பாதிரியார் மாணவனின் திறமையைக் கண்டு அரசவையில் அறிமுகம் செய்து வைத்தார். கைத்தொழிலும் கணக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பயிற்சி முடித்து, 1775-இல் திருமணமும் செய்துகொண்டு, பாரிசில் செய்ன் ஆற்றங்கரையில் கடை திறந்தார். சாவி கொடுக்காமலே, அணிபவர் நடக்கும் அசைவினால் முறுக்கேறும் கடிகாரத்தை 1780-இல் செம்மையாகச் செய்து காட்டினார். கீழே விழுந்தாலும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறியாதிருக்க ஒரு சிறு வில்லமைப்பை 1790-இல் உருவாக்கினார்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அரச குடும்பத்தாருக்குக் கடிகாரம் செய்தவருக்கு ஆபத்து வராதா? 1793-இல் எல்லாவற்றையும் விட்டுப் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். 1795-இல் மீண்டும் பாரிசு வந்தபோது தொழிலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மனந்தளராமல் ஒரே முள்ளுள்ள எளிய கடிகாரம் ஒன்றை வகுத்தார். விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்டிப் பதிவு செய்யலாம் என்று அறிவித்தார். அந்தப் பணம் பட்டறையை மீண்டும் ஓட வைத்தது.

அவருடைய புகழ்பெற்ற படைப்பு 1801-ஆம் ஆண்டு சூன் 26-இல் காப்புரிமை பெற்ற தூர்பியோன். அந்நாளில் கடிகாரம் சட்டைப்பையில் செங்குத்தாக நிற்கும். பேலன்ஸ் சக்கரத்தின் எடை மையம் அச்சிலிருந்து மயிரிழை விலகினாலும், புவியீர்ப்பால் ஒரு நிலையில் விரைந்தும் மற்றொரு நிலையில் தாழ்ந்தும் ஓடும். அவர் அந்தச் சக்கரத்தையும் அதைச் சார்ந்த உறுப்புகளையும் ஒரு கூண்டில் வைத்துக் கூண்டையே சுழல விட்டார். ஒவ்வொரு நிலையிலும் வரும் பிழைகள் ஒன்றையொன்று ஈடு செய்துகொண்டன. பிழையை ஒழிக்க முடியாதபோது அதைச் சுற்றிவரச் செய்து சமன்படுத்தியது எத்தகைய அறிவு!

1783-இல் அரசி மரி ஆன்த்வானெத்துக்கென ஒரு கடிகாரம் செய்யச் சொன்னார்கள். காலத்துக்கும் செலவுக்கும் வரம்பில்லை. 1793-இல் அரசி கொல்லப்பட்டார். பிரெகேயும் 1823-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-இல் மறைந்தார். அவருடைய பட்டறை அதை 1827-இல் முடித்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள்! கேட்டவரும் இல்லை, தொடங்கியவரும் இல்லை. வேலை மட்டும் நிற்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அந்தத் தொழிலாளியைப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 1816-இலேயே உறுப்பினராக ஏற்றிருந்தது.

இதைப் படித்த வாரம் தந்தையின் கடைக்குச் சென்று அருகில் அமர்ந்தேன். பழுது பார்த்த ஒரு பழைய எச்.எம்.டி. கடிகாரத்தை ஒருநாள் படுக்க வைத்தும், மறுநாள் ஆணியில் தொங்கவிட்டும் அவர் நேரம் பார்த்தார். காரணம் கேட்டேன். படுத்தால் ஒரு நடை, நின்றால் ஒரு நடை. இரண்டும் ஒத்து வந்தால்தான் கொடுக்கலாம் என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற என் தந்தை, பிரெகே போராடிய அதே பிழையோடு முப்பது ஆண்டுகளாகப் போராடி வருகிறார். எடை மையம் என்ற சொல் மட்டும் அவரிடம் இல்லை. அதை நான் சொன்னேன். லென்சைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நண்பர்களே, என் தந்தையார் கடிகாரம் பழுது பார்ப்பவர். இனி எவர் கேட்டாலும் அப்படியே சொல்வேன்.