அம்புக்கு அன்பளிப்பு தந்த இன்ஜினியர்!

 

பிரேசில் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பீலே, ரொனால்டோ, நெய்மார், மஞ்சள் ஜெர்சி... அவ்வளவுதானே! ராத்திரி முழுக்க கண் முழித்து உலகக் கோப்பை மேட்ச் பார்க்கிற நண்பர்களிடம் கேட்டாலும், அந்த நாட்டைப் பற்றி அதுக்கு மேல பதில் வராது. அதனால்தான் பிரேசிலைப் பற்றி எழுத நினைத்தேன். ஆனால் பரப்பளவு, தலைநகரம், நாணயம் என்று பொது அறிவுப் புத்தகம் மாதிரி எழுதினால் யார் படிப்பார்கள்? ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னால் அந்த நாடே கண் முன் வந்துவிடும். அந்த மனிதரும் நம்ம லைன் ஆள்தான். காட்டுக்குள் தந்தி மரம் நட்டு, கம்பி இழுத்தவர். பெயர், கேன்டிடோ மரியானோ த சில்வா ரொண்டோன்.

முதலில் நாடு

தென் அமெரிக்காவிலேயே பெரிய நாடு பிரேசில். பரப்பளவு சுமார் 85 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு! ஆனால் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 20 கோடியே 30 லட்சம்தான். சிலி, ஈக்வடார் இரண்டைத் தவிர தென் அமெரிக்காவில் உள்ள மற்ற எல்லா நாடுகளோடும் அதற்கு எல்லை உண்டு. சுற்றியுள்ள பல நாடுகளில் ஸ்பானிஷ் பேச, இங்கே மட்டும் போர்த்துகீசிய மொழி. காரணம், 1500-இல் போர்ச்சுகல் நாட்டுக் கப்பல் தலைவர் கப்ரால் அங்கே போய் இறங்கியதுதான். அவர் கிளம்பியது எங்கே தெரியுமா? இந்தியாவுக்கு! வழியில் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு, அதே வருஷம் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார்.

1822-இல் பிரேசில் விடுதலை அடைந்தது. ஆனாலும் மன்னராட்சிதான் நடந்தது. அடிமை முறை 1888-இல்தான் ஒழிந்தது. மறு வருஷமே, 1889-இல், மன்னர் போய் குடியரசு வந்தது. மக்கள் பெரும்பாலும் கடற்கரை ஓரமாகவே குடியிருந்தார்கள். உள்ளே அமேசான் காடு, சதுப்பு நிலம், பெயரே வைக்காத ஆறுகள். தலைநகர் ரியோ டி ஜெனீரோவில் இருந்த அரசாங்கத்துக்குத் தன் நாட்டின் பாதி எப்படி இருக்கும் என்றே தெரியாது!

1864-இல் பராகுவே நாட்டுப் படை பிரேசிலின் மாட்டோ குரோசோ மாகாணத்துக்குள் புகுந்தது. அந்தச் செய்தி தலைநகருக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆயிற்று. வீட்டுக்குள் திருடன் புகுந்தது வீட்டுக்காரனுக்கு மறு மாதம் தெரிந்தால் எப்படி இருக்கும்! உள்நாட்டுக்குத் தந்திக் கம்பி வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது இதனால்தான்.

தாய் தந்தை இல்லாத பையன்

அந்தப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1865 மே 5 அன்று, அதே மாட்டோ குரோசோவில் மிமோசோ என்ற சின்ன ஊரில் ரொண்டோன் பிறந்தார். பிறக்கும் முன்பே அப்பா இல்லை. இரண்டு வயதில் அம்மாவும் போய்விட்டார். அம்மா வழியில் போரோரோ, தெரேனா என்னும் பழங்குடி மக்களின் ரத்தம். முதலில் தாத்தா வளர்த்தார். பிறகு பெரிய ஊரான குயபாவில் இருந்த மாமா படிக்க வைத்தார். அந்த மாமாவின் குடும்பப் பெயர்தான் ரொண்டோன். நன்றி மறக்காமல் அதைத் தன் பெயரோடு பின்னால் சேர்த்துக்கொண்டார்.

16 வயதில் ஆசிரியர் ஆகும் தகுதி பெற்றுவிட்டார். ஆனால் மேலே படிக்க ஆசை. காசு? ராணுவத்தில் சேர்ந்தால் படிப்பு உண்டு என்று 1881-இல் சேர்ந்து ரியோவுக்குப் போனார். அந்தக் காலத்தில் குயபாவிலிருந்து ரியோ போக நேர் வழி கிடையாது. ஆற்று வழியே பராகுவே, அர்ஜென்டினா எல்லாம் சுற்றி, பிறகு கடல் வழியே போக வேண்டும். சொந்த நாட்டின் தலைநகருக்குப் போக வெளிநாட்டு வழி!

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல்படி மிதித்த முதல் ஆள் நான்தான். நம்ம வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பீர்கள். பாரம் நிரப்பக்கூட வழி சொல்ல ஆள் இல்லாமல் வந்தவர்களுக்கு, அந்தப் பையன் ரியோ துறைமுகத்தில் இறங்கியபோது அவன் மனசு எப்படி இருந்திருக்கும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ராணுவப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் படித்தார். அங்கே பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்ற கணித ஆசிரியரின் கருத்துகள் அவரை ஈர்த்தன. அறிவியல் வளர்ந்தால் மனிதன் மனிதனை அடிக்க வேண்டிய அவசியம் இருக்காது என்ற நம்பிக்கை அங்கேதான் அவருக்குள் விதை விழுந்தது. 1889-இல் மன்னராட்சியை நீக்கியவர்களில் அந்த ஆசிரியரும் ஒருவர், இந்த மாணவரும் ஒருவர்.

தந்தி மரம் நட்ட கதை

படித்து முடித்ததும் சொந்த மாகாணத்துக்கே தந்தி வேலைக்கு அனுப்பினார்கள். 1900 முதல் 1906 வரை சதுப்பு நிலத்தின் வழியாக பராகுவே, பொலிவியா எல்லை வரை கம்பி போட்டார். ஆட்கள் ஓடிப் போனார்கள், காய்ச்சலில் விழுந்தார்கள். அப்போது தோள் கொடுத்தவர்கள் போரோரோ மக்கள். மரம் நட அவர்களே வந்து நின்றார்கள்.

1907-இல் இதைவிடப் பெரிய வேலை வந்தது. குயபாவிலிருந்து அமேசான் காட்டுக்குள் புகுந்து, மதேரா ஆற்றங்கரையில் உள்ள சாந்தோ அந்தோனியோ வரை சுமார் 1,500 கிலோமீட்டர் லைன். சிவில் நண்பர்களே, மேப் இல்லாமல் சர்வே பண்ணிப் பாருங்கள்! காட்டை வெட்டி வழி எடுக்க வேண்டும். வெட்டிய மரத்தையே கம்பமாக நட வேண்டும். கம்பிச் சுருளும் இன்சுலேட்டரும் மாட்டு முதுகிலும் படகிலும் வர வேண்டும். மலேரியா வேறு. 1909-இல் போன குழு, கொண்டு போன சாப்பாடு தீர்ந்து, தேனும் காட்டுக் கொட்டையும் தின்று, அந்த வருஷக் கடைசியில்தான் மதேரா பக்கம் உயிரோடு வந்து சேர்ந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தக் கஷ்டத்தை அல்ல. 1907 அக்டோபரில் நடந்ததைத்தான்.

ஜுருவேனா ஆற்றுப் பக்கம் நம்பிக்குவாரா என்னும் மக்கள் வாழ்ந்தார்கள். ரப்பர் எடுக்க வந்தவர்கள் கையில் அடிபட்டு, வெளியாட்களையே நம்பாதவர்கள். ரொண்டோன் மேல் அம்புகள் பாய்ந்தன. ஒரு அம்பு அவர் போட்டிருந்த தோல் பட்டையில் குத்தி நின்றது. கொஞ்சம் தள்ளியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கூட வந்தவர்கள் பழிவாங்கத் துடித்தார்கள். துப்பாக்கி இருந்தது, ஆளும் இருந்தது. ரொண்டோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இது அவர்கள் வீடு, கேட்காமல் நுழைந்தது நாம்தான், அவர்கள் செய்தது தற்காப்பு என்பது அவர் கணக்கு. செத்தாலும் சாகலாம், பழங்குடி ஒருவரைக் கொல்லக் கூடாது என்பதைத் தன் ஆட்களுக்குச் சட்டமாக்கினார். கோடரி, கத்தி, துணி என்று பரிசுப் பொருள்களைக் காட்டில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். மறு வருஷம் மறுபடி போனார், அதற்கடுத்த வருஷமும் போனார். கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வந்தது.

பரேசி என்னும் இன்னொரு பழங்குடி மக்களில் சிலர் தந்தி நிலையங்களில் வேலைக்கே வந்துவிட்டார்கள். மோர்ஸ் முறை கற்றுக்கொண்டு செய்தி அனுப்பினார்கள்! கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு உபரிச் செய்தி. இந்தப் பரேசி மக்கள் ரப்பர் பந்தைத் தலையால் மட்டுமே முட்டி ஆடும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். கையும் படக்கூடாது, காலும் படக்கூடாது!

அதற்காக ரொண்டோனை மகான் ஆக்க வேண்டாம். தன் படை வீரர்களிடம் அவர் மிகவும் கண்டிப்பு. கடுமையான தண்டனைகளும் கொடுத்திருக்கிறார். அம்பு விட்டவரிடம் காட்டிய பொறுமையைக் கூட வேலை செய்தவர்களிடம் எப்போதும் காட்டவில்லை.

சந்தேக ஆறு

1910-இல் அரசாங்கம் பழங்குடி மக்கள் பாதுகாப்புத் துறையைத் தொடங்கி, அவரையே முதல் தலைவர் ஆக்கியது. 1914-இல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் ரொண்டோனும் சேர்ந்து, எங்கே போய் முடிகிறது என்றே தெரியாத ஓர் ஆற்றில் படகு விட்டார்கள். ஆற்றின் பெயரே சந்தேக ஆறு! படகுகள் உடைந்தன. மூன்று பேர் திரும்பி வரவில்லை. ரூஸ்வெல்ட் கால் புண்ணோடு சாகக் கிடந்தார். அந்த நிலையிலும் ரொண்டோன் ஆற்றை அளந்து வரைவதைக் கைவிட மறுத்தார். வழியில் அவருடைய நாயைப் பழங்குடிகள் அம்பு எய்து கொன்றார்கள். அப்போதும் அதே பழக்கம்தான். அந்த இடத்தில் பரிசுப் பொருள்களை வைத்துவிட்டு நகர்ந்தார். இன்று அந்த ஆற்றின் பெயர் ரூஸ்வெல்ட் ஆறு.

கம்பி போச்சு, என்ன மிச்சம்?

1915-இல் லைன் முடிந்தது. ஆனால் பாருங்கள், அதற்குள் ரேடியோ வந்துவிட்டது. 1920-களில் சிற்றலை ரேடியோ பரவியதும், உயிரைக் கொடுத்துப் போட்ட கம்பிக்கு வேலையே இல்லாமல் போனது. 1938-இல் பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் லெவி-ஸ்ட்ராஸ் அந்த வழியே போனபோது, லைன் பாழாகிக் கிடந்தது. சில தந்தி ஊழியர்கள் மட்டும் காட்டு நடுவே மாட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். நம் நாட்டில்கூட 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுவிட்டதே! தொழில்நுட்பத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். இன்றைக்கு லேபில் நாம் படிக்கிற சர்க்யூட்டுக்கும் அதே கதிதான்.

ரொண்டோன் போட்ட வழியின் இன்னொரு பக்கமும் உண்டு. பிற்காலத்தில் ஏறக்குறைய அதே தடத்தில் நெடுஞ்சாலை வந்தது. 1984-இல் தார் போட்டார்கள். லட்சக்கணக்கில் குடியேறிகள் வந்தார்கள். காடு அழிந்தது. அவர் காக்க நினைத்த மக்களே நோயாலும் நிலப் பறிப்பாலும் அவதிப்பட்டார்கள். அவர் தொடங்கிய துறையும் பிற்காலத்தில் ஊழலிலும் கொடுமையிலும் சிக்கி, 1967-இல் கலைக்கப்பட்டது. நல்லவர் போட்ட பாதையில் நல்லவர்கள் மட்டுமே வருவார்கள் என்று சொல்ல முடியாதே!

ஆனால் எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. 1952-இல் சிங்கு ஆற்றுப் பகுதியைப் பழங்குடி மக்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் இறந்த பின் 1961-இல் அது நடந்தது. 1925-இல் பிரேசிலுக்கு வந்த ஐன்ஸ்டீன், அமைதிக்கான நோபல் பரிசுக்கு இவர் பெயரைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார். பரிசு கிடைக்கவில்லை. 1956-இல் ஒரு பிரதேசத்துக்கே ரொண்டோனியா என்று பெயர் வைத்தார்கள். அவர் பிறந்த மே 5 இன்று பிரேசிலில் தகவல் தொடர்பு நாள். 2022 கணக்கெடுப்பில் பிரேசில் பழங்குடி மக்கள் சுமார் 17 லட்சம் பேர். 2023-இல் அவர்களுக்கென்று தனி அமைச்சகமே வந்துவிட்டது.

கடைசிக் காலத்தில் ரொண்டோனுக்குக் கண் பார்வை போய்விட்டது. காடு முழுக்க அளந்த கண்! 1958 ஜனவரி 19 அன்று, 92 வயதில், ரியோவில் காலமானார். அந்த வருஷம் ஜூன் மாதம்தான் பிரேசில் முதன்முதலாக உலகக் கோப்பையை வென்றது.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் ஒருவர் டவர் ஏற்றுவார், ஒருவர் கேபிள் பதிப்பார், ஒருவர் ரோடு போட செயின் பிடிப்பார். எங்கே போனாலும் அங்கே ஏற்கனவே யாரோ வாழ்ந்துகொண்டிருப்பார்கள். மேப்பில் காலியாக இருக்கிற இடம் தரையில் காலியாக இருக்காது. டிப்ளமோ சர்டிபிகேட்டோடு இந்த ஒரு விஷயத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவோம்.