துவிபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை

புலவர் பாடிய புகழ்ப் பாட்டினால் பெயர் நிலைக்கப் பெற்றோர் நம் நாட்டிற் பலர். தம் கையால் எழுதிவைத்த தினசரிக் குறிப்பினால் நிலைபெற்றவரோ மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கம்பெனியாருக்குத் துவிபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள். அவர்மீது தமிழில் ஒரு கோவையும் வடமொழியில் ஒரு சம்புவும் பாடப்பட்டுள்ளன. அவற்றைக் கற்போர் அவரைக் கொடையிற் கர்ணனென்றும் அழகில் மன்மதனென்றும் அறியலாகுமேயன்றி, அவர் எத்தகைய மனிதரென அறிதல் அரிது. அதனை அறிய விரும்புவோர் அவர்தம் தினசரியையே நாடல் வேண்டும்.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தனர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். அவருடைய மைத்துனர் நயினியாப் பிள்ளை புதுச்சேரியில் தலைமைத் துவிபாஷியாய்ச் செல்வாக்குற்றிருந்தமையின், அவர் அழைப்பின்பேரிற் குடும்பத்தார் அந்நகரிற் குடியேறினர். நயினியாப் பிள்ளையோ பகைவரால் சிறையிலிடப்பட்டு 1717-இல் அச்சிறையிலேயே மாண்டார். துவிபாஷி உத்தியோகம் எத்துணை வழுக்கலான படி என்பதனை ஆனந்தரங்கர் தம் பிள்ளைப் பருவத்திலேயே கண்டுகொண்டார் எனலாம்.

வாலிபப் பருவத்திற் பரங்கிப்பேட்டைத் துணி வியாபாரத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பின்னர்க் கப்பல் வாணிகமும் செய்தார். அவருக்குச் சொந்தமான கப்பலொன்று ஆனந்தப் புரவி என்னும் பெயருடன் கடலில் உலாவிற்று.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள், நள வருஷம் ஆவணி மாதத்தில், அவர் தம் தினசரியைத் தொடங்கினார். இடையிடையே விடுபட்ட காலங்கள் உளவாயினும், ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு அவ்வெழுத்து நடைபெற்றது. ஆங்கில நாட்டுச் சாமுவேல் பெப்பிசு என்பாரின் தினசரியை உலகம் போற்றுகின்றது; அது 1660 முதல் 1669 வரை ஒன்பது ஆண்டுகளே எழுதப்பட்டது. பெப்பிசு பிறர் எளிதிற் படியாவண்ணம் சுருக்கெழுத்தில் எழுதினார். நம் பிள்ளையவர்களுக்கு அத்தகைய மறைவு வேண்டியதில்லை. அவர் எழுதிய தமிழைப் படித்தறியும் பிரெஞ்சுத் துரைமார் எத்தனை பேர் இருந்திருப்பர்!

அத்தமிழைப்பற்றி ஈண்டு ஒரு சொல். உரைநடை வரலாறு கற்கும் எம்போன்ற மாணவர், வீரமாமுனிவரிலிருந்து ஆறுமுக நாவலர்க்கு ஒரே தாவாய்த் தாவிவிடுகின்றோம். இடையில் நின்று எழுதிய இவ்வணிகரை இலக்கண வழு மலிந்தவரென ஒதுக்குவாரும் உளர். வழுக்கள் மலிந்திருப்பது உண்மையே. அக்காலத்துப் புதுச்சேரிக் கடைத்தெருவிலும் கோட்டை வாயிலிலும் மனிதர் வாய்திறந்து பேசிய தமிழ் அது. முசே என்பதும், குவர்னதோர் என்பதும், சொல்தாது என்பதும், பாரசீகத்திலிருந்து வந்த சொற்களும் அதில் தாமாகவே வந்தமர்கின்றன. அந்நூற்றாண்டின் பேச்சுத் தமிழைக் கேட்க வேறெங்குச் செல்வோம்?

எழுதிய பொருளும் அத்தகையதே. கப்பல் வந்த நாள், அதற்கு வெடித்த பீரங்கிகளின் தொகை, சரக்கின் விலை, வெற்றிலை பாக்கு மரியாதை யார்க்கு எவ்வாறு நடந்தது, பிள்ளைப் பேறு, கலியாணம், சாவு, சோதிடர் சொல், ஊர் வதந்தி ஆகிய யாவும் ஒரே வரிசையில் வருகின்றன. முத்தாண்டிக்குப்பத்தாராகிய எமக்குப் புதுச்சேரி சில நாழிகைப் பேருந்துப் பயணமே. அவர் ஏட்டில் எம் பக்கத்துக் கூடலூரும் திருவதிகையும் படைகள் வந்துபோகும் இடங்களாய்த் தோன்றுங்கால், பாடப்புத்தகத்துக் கருநாடகப் போர்கள் எம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுகின்றன.

கிறிஸ்தவ மாணவர் கூர்ந்து படிக்கவேண்டிய பக்கங்கள் சில அத்தினசரியில் உண்டு. 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் குறிப்பொன்றில், சம்பாக் கோயிலுள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரை ஏனையோரினின்றும் பிரித்துக் கட்டியிருந்த சுவரையும், அவர்கள் குருமாரிடம் முறையிட்டதனால் அது இடிக்கப்பட்டதையும், அதனால் மேற்சாதிக் கிறிஸ்தவரிடை எழுந்த கலகத்தையும் அவர் வரைந்துள்ளார். ஒரே ஆண்டவரை வணங்க வந்தவர்க்கிடையே சுவரெழுப்பிய செய்தியை அச்சமயத்தைச் சாராத ஒருவர் எழுதிவைத்திருக்க, நாம் அதனைப் படித்து நாணுகின்றோம். அவ்வாண்டிலேயே, அப்போது தலைமைத் துவிபாஷியாயிருந்த கிறிஸ்தவராகிய கனகராய முதலியார் உழவர்கரையிற் கட்டிய ஆலயத்தின் திறப்பு விருந்தையும் விரிவாய் எழுதியுள்ளார். எல்லாச் சாதியாரும் அழைக்கப்பெற்று, அவரவர் ஆசாரப்படி தனித்தனியே உண்ட விருந்து அது.

முதலியார் 1746-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அப்பதவி பிள்ளையவர்களுக்கு வந்தது. கவர்னர் துய்ப்ளேக்சு அவரைப் பெரிதும் நம்பினார். சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. கவர்னருடைய மனைவியாரோ பிள்ளையவர்களிடம் நல்லெண்ணம் உடையவரல்லர். அம்மையார் செய்த சூழ்ச்சிகளைப் பிள்ளையவர்கள் ஒன்றுவிடாது குறித்துள்ளார். இக்குறிப்புகளை ஒரு பக்கத்தாரின் வழக்குரையாகவே கொள்ளல் நேர்மை.

1748-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபொழுது வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. பாதிரிமார் நெடுங்காலம் விரும்பியிருந்த செயல் போரின் மறைவில் நிறைவேறிற்று. கிறிஸ்தவராகிய முதலியார் இருபதாண்டுக்கு மேல் துவிபாஷியாயிருந்த காலத்து நின்ற கோயில், சைவ வைணவக் கோயில்களிற் பற்றுடைய பிள்ளையவர்கள் பதவியேற்ற மறு ஆண்டிலேயே வீழ்ந்தது. அவர் அதனைத் தடுத்தாரல்லர். தடுக்கும் வலிமையும் அவர்க்கு இல்லை. பதவியைத் துறந்தாரும் அல்லர். தமக்குப் பெருமை தராத இந்நிகழ்ச்சியை மறைக்காது, துயரத்தோடு நாள்வாரியாய் எழுதினார். கோவை பாடிய புலவர் இப்படியொரு பக்கத்தை எழுதத் துணிந்திருப்பரோ? எம் சமயத்தார் செய்த இச்செயலை நாமும் மறைக்காது படித்தல் தக்கது.

அப்பால் உயர்வும் தாழ்வும் விரைந்து வந்தன. முசபர் சங்கு அவரை மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தாராக்கினார். 1754-இல் துய்ப்ளேக்சு தாய்நாட்டிற்குத் திருப்பியழைக்கப்பட்டார். 1756-இல் பிள்ளையவர்கள் பதவி இழந்தார். உடல் நலிந்தும், வரவேண்டிய பணம் வராதும் அவர் வருந்திய காலத்திலும் எழுத்து நிற்கவில்லை.

1760-இல் ஆங்கிலப் படை மீண்டும் நகரை வளைத்தது. 1761-ஆம் ஆண்டு சனவரி மாதம் 12-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். நான்கு நாள் கழித்து, 16-ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயர்க்கு அடிபணிந்தது; கோட்டையும் மாளிகைகளும் பின்னர்த் தரைமட்டமாக்கப்பட்டன. அவர் வீட்டில் இருந்த ஏடுகள் தப்பின. 1846-இல் கல்லுவா மொம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாய்ச் சென்னையில் அச்சேறியது. எழுதிய மொழியாகிய தமிழில் அதன் முதற்றொகுதி வெளிவந்தது 1948-ஆம் ஆண்டிலேதான். வெளியிட்ட இடம் அவர் வாழ்ந்த புதுச்சேரியே.